முன்னட்டை இல்லாத சமையல் புத்தகம்

கேள்வி: எளிமையான, பருவத்துக்கேற்ற வீட்டுச் சமையலுக்கு நீங்கள் விரும்பிப் பயன்படுத்தும் புத்தகம் எது?

என் புத்தகத்தின் பெயரைச் சொல்ல வழியில்லை. மாமி என் கையில் தந்தபோதே முன்னட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டன. சொதியில்தான் தொடங்குகிறது. பழைய தமிழ் அச்சு, படம் ஒன்றும் கிடையாது, ஒரு கறிக்கு அரைப் பக்கம். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் எங்கள் குசினியில் அரிசி வாளிக்கு மேல்தான் அதன் இடம். சந்தையால் வந்து பையைக் கொட்டிய பிறகுதான் அதை விரிப்பேன். புத்தகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குப் போனது குறைவு.

அதை எனக்கு நெருக்கமாக்கியது மாமியின் பென்சில். எந்தக் கறியை எப்போது வைத்தா என்று பக்க ஓரத்தில் மாதத்தைக் குறித்து வைத்திருக்கிறா. சொதிப் பக்கத்தில் ‘சித்திரை, வைகாசி, கீரி’ என்று இருக்கிறது. அந்த நாட்களில் எங்கள் பக்கக் கடல் அடங்கிக் கிடக்கும். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பார்கள், கீரி மீனும் சூடை மீனும் மலிவாக வரும்.

அந்தச் சொதியைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்ச வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட வேண்டும். வெங்காயம் வெந்ததும் மீனைப் போடுங்கள். அதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது, கீரி உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மீன் வெந்ததும் முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகுதான், அடுப்பில் வைத்துப் பிழிந்தால் பால் திரைந்துவிடும். இடியப்பத்துக்கு இதைவிட வேறு எனக்கு வேண்டாம்.

ஐப்பசியில் வாடை தொடங்கினால் எல்லாம் மாறும். வள்ளங்கள் கரையில் கிடக்கும், மீன் விலை ஏறும். அப்போது ‘மழை’ என்று குறித்த பக்கங்கள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு ஒன்று. மற்றது முசுட்டை வறை. முதல் மழைக்கு வேலியெல்லாம் முசுட்டை படரும். இலைகளை அடுக்கிச் சுருட்டி, மயிர்போல மெல்லிசாக அரிந்து, வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூவோடு சட்டியில் இரண்டு பிரட்டுப் பிரட்டி இறக்க வேண்டும். கூட நேரம் விட்டால் பச்சை நிறம் போய்விடும். கொட்டும் மழையில் சுடுசோறும் இந்த வறையும் இருந்தால் மீன் இல்லாத குறையே தெரியாது.

எல்லாவற்றிலும் புத்தகத்தோடு ஒத்துப்போவேன் என்றில்லை. பயிற்றங்காய்க்கு நிறையத் தேங்காய்ப்பால் விடச் சொல்கிறது. பிஞ்சுக் காய்க்கு அது தேவையில்லை, வெங்காயத்தோடு வதக்கி உப்புப் போட்டாலே இனிக்கும். அந்த ஓரத்தில் ‘பால் வேண்டாம், தை’ என்று நானே எழுதிவிட்டேன்.

பழைய புத்தகக் கடையில் தேடுகிறவர்கள் மீன்கறிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வெறுமனே ‘மீன்’ என்று போடாமல் கீரி, பாரை, சுறா என்று பேர் சொல்லியிருந்தால் வாங்கலாம். ஓரத்தில் எழுத இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.