பாதி வாடகை, முழு மழை: கேரவன் பயணக் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு குடும்பமாக, படுக்கை வசதியுள்ள கேரவன் வண்டி எடுத்துக்கொண்டு கேரளத்து வாகமனில் மூன்று இரவு தங்க எண்ணியிருக்கிறோம். மார்கழிக்குக் கேட்ட வாடகையில் பாதிக்கு ஆடியில் தருவதாக வண்டிக்காரர் சொல்கிறார். முன்பணம் கட்டலாமா? (காரைக்குடி)

பதில்: கட்ட வேண்டாம். நமக்கு ஆடி என்றால் காற்றும் புழுதியும்தான். அதே ஆடியில் வாகமன் இருக்கும் இடுக்கி மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். மூணாறு அருகே பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்தது 2020 ஆகஸ்ட் 6, அதாவது ஆடி மாதம். ஆடி கழிந்தால் பயமில்லை என்றும் சொல்வதற்கில்லை. 2021 அக்டோபரில் கோட்டயம் மாவட்டம் கூட்டிக்கல்லில் மலை சரிந்தது. கனமழை எச்சரிக்கை வந்துவிட்டால் மலைப்பாதையில் இரவுப் பயணத்தை மாவட்ட நிர்வாகம் தடை செய்துவிடும். அப்போது இரண்டு குடும்பமும் நனைந்த துணியோடு, அதை உலர்த்த ஒரு முழக் கொடிகூடக் கட்ட முடியாத வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

‘சீசன்’ என்ற சொல்லின் மீது எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. எனக்குத் தெரிந்து குற்றாலத்தில்தான் அந்தச் சொல் வானத்தைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. மற்ற இடங்களில் எல்லாம் அது கல்லாப்பெட்டியைப் பார்த்துச் சொல்லப்படுகிறது. கொடைக்கானலில் ஏப்ரல், மே சீசன் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று பொருள். ‘ஆஃப் சீசன்’ என்றால் வண்டி கொட்டகையில் சும்மா நிற்கிறது என்று பொருள். மழை பெய்யுமா, பனி மூடுமா, பாதை திறந்திருக்குமா என்பதை இவ்விரண்டு சொல்லும் நமக்குத் தெரிவிப்பதில்லை. போதாக்குறைக்கு, தை மாதத்து நீல வானத்தின் கீழ் எடுத்த படத்தை ஆடி விளம்பரத்தில் போடுகிறார்கள். ‘இந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது?’ என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு நேரமாகும்.

வாகமனுக்கு நல்ல காலம் பொங்கல் கழிந்து மாசிக் கடைசி வரை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும். வாடகையும் ஓரளவு இறங்கியிருக்கும். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022-இல் வாகமனில்தான் திறக்கப்பட்டது. இரவில் வண்டி நிற்கும் இடத்தின் கட்டணமும் அங்கே மின்சாரம், தண்ணீர் எடுக்கும் செலவும் வாடகையில் சேர்ந்தவையா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிசம்பரில் தனுஷ்கோடி முனையில் கேரவனை நிறுத்தி இரவு தங்கலாமா? (புதுவயல்)

பதில்: கூடாது. மாலைக்கு மேல் அங்கே யாரையும் இருக்கவிடுவதில்லை.

கேள்வி: ஐப்பசியில் கொடைக்கானல் செல்லக் கேரவனுக்கு இருபதாயிரம் முன்பணம் கட்டினேன். மழையால் பாதை சரியில்லை, வண்டியை அனுப்ப முடியாது என்று அவர்களே முதல் நாள் தொலைபேசியில் சொன்னார்கள். பணத்தைக் கேட்டால், ‘முன்பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். (பள்ளத்தூர்)

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. பயணத்தை நீங்கள் கைவிட்டிருந்தால் அந்த வரியைப் பற்றி வாதாட அவர்களுக்கு இடம் உண்டு. வண்டியை அனுப்பாதவர்களே அதைக் காட்டுவது அடாவடி. ‘முடியாது’ என்று சொன்ன நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தருமாறு பதிவு அஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். வண்டிக்காரரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக் கெடு இருக்கிறது என்று ஆறப் போட்டுவிடாதீர்கள். தொலைபேசியில் வந்த குறுஞ்செய்திகளை இன்றே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சித்திரையில் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) வரும் உறவினர்களை வீட்டு வாசலில் கேரவனில் தங்கவைக்கலாமா? ஏ.சி. உண்டு என்கிறார்கள். (தேவகோட்டை)

பதில்: வளவும் முற்றமும் தடித்த சுவரும் உள்ள வீட்டை வைத்துக்கொண்டு, விருந்தாளியைத் தகரப் பெட்டியில் படுக்கவைப்பானேன்? ஏ.சி. உண்டு என்பது வேறு, இரவு முழுவதும் ஓடும் என்பது வேறு. வண்டியின் பேட்டரி விளக்குக்கும் விசிறிக்கும் தாங்கும், ஏ.சி.க்கு வெளியிலிருந்து மின் இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் யார் செலவு என்பதைக் கேளுங்கள். அதன் சத்தத்தில் தெருவே தூங்காது என்பதைக் கேட்கத் தேவையில்லை.

கேள்வி: பழைய வேன் ஒன்றைக் கட்டில், அடுப்பு, கழிவறையோடு கேரவனாக மாற்றி விற்றார்கள், வாங்கிவிட்டேன். ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இன்னும் பயணிகள் வேன் என்றே இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ஊட்டி போய்வரலாமா? (கோட்டையூர்)

பதில்: கட்டிலைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு ஆர்.சி.யைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லையா? பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52-ஐ மீறிய மாற்றம் இது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கக்கூடும். முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். ஊட்டி எங்கேயும் போய்விடாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், ஆர்.வி. (அங்கத்திய கேரவன்) எடுத்து எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறேன் என்கிறான். வீட்டில் விசேஷங்கள் முடிந்து கார்த்திகையில் கிளம்பலாமா? (கானாடுகாத்தான்)

பதில்: ஆச்சி, கார்த்திகையில் போனால் பூட்டிய பாதையைத்தான் பார்ப்பீர்கள். நவம்பர் தொடக்கத்தில் அந்தப் பூங்காவின் பெரும்பாலான சாலைகள் வண்டிகளுக்கு மூடப்பட்டு, ஏப்ரல் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் திறக்கப்படும். அங்கே செப்டம்பர் முதல் திங்கள்கிழமை விடுமுறை கழிந்ததும் கூட்டம் குறையத் தொடங்கும். அதனால் ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ போய்வாருங்கள். அப்போதும் இரவில் நீர் உறையும் குளிர் வரலாம் என்பதால், வண்டியின் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பூங்காவுக்குள் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்பும் உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் மட்டுமே. அங்கே பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டும். கரடி நடமாட்டத்தால் துணிக் கூடாரத்துக்கு அங்கே அனுமதியில்லை.

கேள்வி: கேரவன் கட்டுப்படியாகாது. ஆடித் தள்ளுபடியில் கூடாரம் வாங்கலாமா? (கண்டனூர்)

பதில்: வாங்கலாம், வாங்கிய வாரமே மொட்டை மாடியில் விரித்துக் கட்டி, தையல் ஓடும் இடங்களில் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றி, அரை மணி நேரம் கழித்து உள்ளே போய்த் தையலைக் கையால் தடவிப் பார்ப்பதாக இருந்தால். நான் அதைச் செய்யவில்லை. ‘நீர் புகாது’ என்ற அட்டையை நம்பி, கட்டுப் பிரிக்காமல் பரணில் போட்டுவிட்டு, பறவைகள் வரும் காலமாயிற்றே என்று ஐப்பசியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் விரித்தேன். நள்ளிரவில் மழை பிடித்தது. துணியில் ஒரு சொட்டு இறங்கவில்லை. தையல் வழியே மட்டும் மணி கோத்ததுபோல் நீர் வரிசையாக நின்று, ஒவ்வொன்றாகத் தலையணையில் விழுந்தது. மாற்றித் தரும் கெடுவோ ஆவணியிலேயே முடிந்திருந்தது. இப்போது அந்தக் கூடாரம் எங்கள் வீட்டு விறகை மூடிக்கொண்டிருக்கிறது. விறகும் நனைகிறது.