விடியற்காலை 4 மணிக்கு எழுப்பும் பூனை: ஃபீடர் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். கருத்தடை செய்த இரண்டு பூனைகள் வளர்க்கிறோம். ஆணுக்கு 5 வயது, 5.5 கிலோ. பெண்ணுக்கு 3 வயது, 3.5 கிலோ. காலையும் இரவும் கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட், இரவில் கொஞ்சம் அவித்த சாளை மீன். ஆண் பூனை தினமும் 4 மணிக்கு எழுப்பி உயிரை வாங்குகிறது. நாங்கள் இருவரும் காலை 8 முதல் இரவு 7 வரை வேலைக்குப் போகிறோம். தானியங்கி ஃபீடர் (வைத்த நேரத்துக்குத் தானாகத் தீனி போடும் பெட்டி) வாங்கலாமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

பதில்: வாங்கலாம். எழுப்புகிற தொல்லை தீரும். ஆனால் சாதாரண ஃபீடர் ஒன்றை நடுவில் வைத்தால் குண்டன் இன்னும் குண்டாவான், சின்னவள் பட்டினி கிடப்பாள். அதனால் முதலில் கிண்ணக் கணக்கு.

கிலோ எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்கினால், பூனை ஒரு நாள் முழுக்கச் சும்மா இருக்கத் தேவையான கலோரி கிடைக்கும். 3.5 கிலோவுக்கு அது 179. வீட்டுக்குள் வாழும் கருத்தடைப் பூனைக்கு 1.2 மடங்கு, அதாவது சுமார் 215. ஆண் பூனைக்கு இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அவன் இருக்க வேண்டிய எடை 4.5 கிலோ என்று வைத்தால் 216 வருகிறது; இளைக்க வேண்டியவனுக்கு 1.2 மடங்கு வேண்டாம். ஆக இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். இதில் 30 கிராம் அவித்த சாளை சுமார் 50 கலோரி. மீதி 165-ஐ, 100 கிராமுக்கு 380 கலோரி உள்ள ட்ரை ஃபுட்டில் கொடுத்தால் 43 கிராம். உங்கள் பாக்கெட்டில் உள்ள எண்ணை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். சமையல் தராசு கட்டாயம். டம்ளர் அளவை நம்ப வேண்டாம்.

ஆண் பூனை வாரத்துக்கு 50 கிராம் போல இறங்கினால் போதும். அவசரப்பட்டுப் பட்டினி போடாதீர்கள். குண்டுப் பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு முழு நாள் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

இப்போது 4 மணி விஷயம். அவன் கத்துகிறான், நீங்கள் எழுந்து போடுகிறீர்கள். கத்தினால் சோறு என்று அவனுக்குப் பாடமாகிவிட்டது. ஃபீடரின் பெரிய உபயோகம் சோற்றையும் உங்களையும் பிரித்துவிடுவதுதான். முதல் வாரம் 3.50-க்கு வையுங்கள், அவன் கத்துவதற்கு முன்பே விழ வேண்டும். பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 10 நிமிடம் தள்ளினால், ஐந்தாவது வாரத்தில் 5.50 ஆகிவிடும். நடுவில் சில நாள் முன்னைவிட அதிகமாகக் கத்துவான். அன்று ஒருமுறை எழுந்தாலும் பழைய கதைதான். குரலைப் பதிவு செய்து கூப்பிடும் வசதி நிறைய ஃபீடர்களில் உண்டு. அதை அணைத்துவிடுங்கள், உங்கள் குரல் கேட்டால் மறுபடியும் உங்களைத்தான் தேடி வருவான்.

ஒரு பங்கு 5 கிராம் என்றால் விடியற்காலை 2 பங்கு, பகல் 12-க்கு 2, மாலை 5-க்கு 2, இரவு 11-க்கு 3. மொத்தம் 45 கிராம். இரண்டு கிராம் கூடினால் குற்றமில்லை. மீன் உங்கள் கையால் இரவு 8 மணிக்கு, மசாலா, வெங்காயம், முள் இல்லாமல். ஈரமான எதையும் ஃபீடரில் போடக் கூடாது.

பெட்டியில் ‘ஒரு பங்கு 10 கிராம்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். உள்ளே சுழலும் சக்கரம் எடை பார்ப்பதில்லை, இடத்தை நிரப்பித் தள்ளுகிறது. பத்துப் பங்கு விழவைத்து எடை போட்டு, பத்தால் வகுங்கள். பிராண்டை மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும். தொட்டி காலியாகும் நிலைக்கு வந்தால் பங்கு குறையலாம்.

இனி ஒன்றின் பங்கை மற்றது தின்பது. இரட்டைத் தட்டு ஃபீடர் இதைத் தீர்க்காது. உடம்பில் வைத்த சிப்பையோ கழுத்துப் பட்டையில் உள்ள டேக்கையோ பார்த்து மூடி திறக்கும் வகை சின்னவளுக்கு மட்டும் போதும். அதில் நேரம் வைக்கும் வசதி பெரும்பாலும் இராது. அவளுடைய 45 கிராமையும் காலையில் கொட்டிவிட்டுப் போகலாம். சுவர் மூலையில் வையுங்கள், இல்லாவிட்டால் அவள் தின்னும்போது குண்டன் பக்கவாட்டில் தலையை நுழைப்பான். செலவு அதிகம் என்றால், வேலை நேரத்தில் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு ஃபீடர், தண்ணீர், மணல் தட்டு.

கரண்ட்: அடாப்டரோடு பேட்டரியும் போடும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் மூன்று பெரிய டி அளவு பேட்டரி கேட்கும். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம், ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் மோட்டார் திணறலாம். வாங்கிய அன்றே பிளக்கைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, அடுத்த வேளை விழுகிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் கடிகாரம் 12 மணிக்குத் திரும்பிவிடும்; பகல் சோறு நள்ளிரவில் விழலாம்.

கடற்கரை ஊரில் ஃபீடர் அடைப்பதற்கு முக்கியக் காரணம் ஈரக்காற்று. உருண்டை நமுத்து, எண்ணெய்த் தூளோடு சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். நாலைந்து நாளுக்கு மட்டும் நிரப்புங்கள், சிலிகா ஜெல் பையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். 12 மில்லிமீட்டரை விடப் பெரிய உருண்டை வேண்டாம். கழுவிய தொட்டியை ஒரு முழு நாள் காயவிட்டு மாட்டுங்கள்.

எறும்புக்குச் சாக்பீஸ் கோடு கிழிக்காதீர்கள். அதில் இருக்கும் பூச்சிமருந்து பூனைக்கு நஞ்சு. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் ஃபீடரை நிறுத்துங்கள்.

முதல் மூன்று நாள் ஃபீடரை ஓடவிடாமல் அதன் தட்டிலேயே கையால் போடுங்கள். அடுத்த மூன்று நாள் நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓடட்டும், மோட்டார் சத்தம் பழக வேண்டும். பழைய கிண்ணத்தை ஒரு வாரம் கழித்து எடுக்கலாம். ஊருக்குப் போவதானால் ஒரு இரவுக்கு ஃபீடரை நம்பலாம், அதற்கு மேல் யாராவது வந்து பார்க்க வேண்டும்.