எஃப்பிஎஸ் 60 காட்டுகிறது, ஆனாலும் கேம் திக்குகிறது: ஃப்ரேம் டைம் பற்றிய கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கத்து நண்பர்கள் கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்று. எல்லாவற்றையும் "லேக்" என்று ஒரே வார்த்தையில் சொல்லாதீர்கள். இன்டர்நெட் தாமதம் வேறு, மவுஸை அசைத்ததும் திரை அசையாமல் இருப்பது வேறு, படம் ஒரு கணம் நின்று நின்று ஓடுவது வேறு. இன்று பேசப்போவது மூன்றாவதை மட்டும். கேம் திரைக்கு அனுப்பும் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம், ஒரு செகண்டில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பது எஃப்பிஎஸ், ஒரு ஃப்ரேமுக்கு ஆகும் நேரம் ஃப்ரேம் டைம்.

காரைக்குடி, கல்லூரி மாணவர்: அண்ணே, ஜிடிஏ 5-ல் மூலையில் 60 எஃப்பிஎஸ் என்றுதான் காட்டுகிறது. ஆனால் கார் ஓட்டும்போது படம் திக்குகிறது. அந்த எண் பொய்யா?

பொய் இல்லை தம்பி, அது ஒரு செகண்டின் சராசரி, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 59 ஃப்ரேம் ஒவ்வொன்றும் 15 மில்லிசெகண்டில் வந்தால் மொத்தம் 885. அடுத்த ஒரே ஒரு ஃப்ரேம் 115 மில்லிசெகண்ட் எடுத்துக்கொண்டால் சரியாக 1000. அந்த ஒரு செகண்டில் 60 ஃப்ரேம் வந்துவிட்டது, மூலையில் 60 என்று வரும். ஆனால் அந்த 115-ஐ உங்கள் கண் விடுமா? சீராக ஓடினால் ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் ஆக வேண்டும், இது கிட்டத்தட்ட ஏழு மடங்கு. மணிக்கு ஆறு பஸ் என்று போர்டு இருக்கும், பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்றால் ஒன்றும் வராது, அப்புறம் ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த மாதிரி.

இதை ஊருக்குப் புரியவைத்தவர் கணினிப் பாகங்களைச் சோதித்து எழுதும் டெக் ரிப்போர்ட் தளத்தின் ஸ்காட் வாசன். 2011-ல் அவர் ஒரு செகண்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்துக் காட்டிய பிறகுதான் சராசரியை மட்டும் வைத்துக் கிராஃபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும் பழக்கம் மாற ஆரம்பித்தது.

தேவகோட்டை: எதை வைத்து அளப்பது? காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

ஒரு ரூபாய் வேண்டாம். கேம் ஓடும்போதே திரையில் ஃப்ரேம் டைமைக் கோடாகப் பார்க்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரும் கூடவே வரும் ரிவாட்யூனரும் போதும். அதில் ஃப்ரேம் டைமை எண்ணாக வைக்காமல் கிராஃபாக வையுங்கள், மேல் எல்லை 50 மில்லிசெகண்ட் இருந்தால் படிக்க வசதி. பதிவு செய்து பிறகு உட்கார்ந்து பார்க்க கேப்ஃப்ரேம்எக்ஸ். அதற்கு உள்ளே வேலை செய்வது இன்டெல் வெளியிட்ட பிரசன்ட்மான், விண்டோஸின் சொந்த நிகழ்வுப் பதிவு வசதியிலிருந்து எடுப்பதால் கேமுக்குச் சுமை மிகக் குறைவு. லினக்ஸ் என்றால் மேங்கோஹட்.

அளக்கும் முறைதான் முக்கியம். ஒரே இடம், ஒரே பாதை, 60 செகண்ட், மூன்று தடவை. முதல் தடவையை அழித்துவிடாமல் தனியாக வையுங்கள், காரணம் கீழே வருகிறது. பின்னால் பிரவுசரில் பாட்டு ஓடவிட்டு அளந்துவிட்டு என்னிடம் கொண்டுவராதீர்கள்.

புதுவயல்: 1% லோ என்கிறார்களே, அது என்ன?

60 எஃப்பிஎஸ்-ல் ஒரு நிமிடம் பதிந்தால் 3600 ஃப்ரேம். அதில் மிக மெதுவாக வந்த 36 ஃப்ரேம் எப்படி இருந்தது என்பதுதான். ஒரு மென்பொருள் அந்த 36-இன் சராசரியைச் சொல்லும், இன்னொன்று அந்த எல்லையில் நிற்கும் ஒரே ஃப்ரேமைச் சொல்லும், அதனால் ஒன்றின் எண்ணை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. எனக்கு இந்த எண்ணைவிடக் கோடுதான் பிடிக்கும், திக்கல் எப்போது வந்தது என்பதை எண் சொல்லாது.

திருப்பத்தூர்: கோடு எடுத்துவிட்டேன் அண்ணே. ஊசி ஊசியாக நிற்கிறது. இதை எப்படிப் படிப்பது?

நல்ல கேள்வி, மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. எத்தனை ஊசி என்று எண்ணாதீர்கள், எப்போது வருகிறது என்று பாருங்கள்.

புது இடத்துக்குள் நுழையும்போது, ஒரு வெடிப்பை முதன்முதலாகப் பார்க்கும்போது மட்டும் ஊசி வந்து, அதே பாதையில் இரண்டாம் தடவை ஓடினால் காணாமல் போனால், அது ஷேடர் தொகுப்பு. ஷேடர் என்பது ஒளி, நிழல், நிறம் எல்லாவற்றையும் வரையக் கார்டுக்குள் ஓடும் சின்ன நிரல். டைரக்ட்எக்ஸ் 12, வல்கன் (கேம் கார்டோடு பேசும் வழிகள்) கேம்களில் கார்டுக்குப் புரியும் மொழியில் ஷேடரை மாற்றும் வேலையை முன்கூட்டியே முடிக்காமல் ஆட்டத்தின் நடுவில் செய்தால் இப்படித்தான் ஆகும். முதல் பதிவைத் தனியாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான். டிரைவரைப் புதுப்பித்தால் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். கேம் முதல் முறை திறந்ததும் "ஷேடர் தயாராகிறது" என்று ஓடினால் தயவுசெய்து அதை முடிய விடுங்கள், பாதியில் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு திக்குகிறது என்று வருகிறார்கள்.

எத்தனை தடவை ஓடினாலும் வேகமாகப் போகும்போது அதே இடத்தில் ஊசி வந்தால் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். ஊர் முழுவதும் திறந்து கிடக்கும் கேமை இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தால் எஸ்எஸ்டி-க்கு மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். எஸ்எஸ்டி-யிலும் அதே இடத்தில் வந்தால் கேமே அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நம்மால் செய்ய முடிந்தது குறைவு.

கார்டின் மெமரி நிரம்பி வழிந்தாலும் ஊசி வரும். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) உச்சத்தில் வைத்தால் மீதி கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். டெக்ஸ்சரை மட்டும் ஒரு படி குறைத்து அதே பாதையில் ஓடுங்கள், தெரிந்துவிடும்.

கடிகாரம் அடிப்பது போல இத்தனை செகண்டுக்கு ஒன்று என்று வந்தால் கேமைக் குற்றம் சொல்லாதீர்கள், பின்னால் ஏதோ விழித்துக்கொள்கிறது. கேபினெட்டின் வண்ண விளக்குகளை எரியவைக்கும் மென்பொருள், வெப்பநிலை படிக்கும் மென்பொருள், இரண்டையும் மூடிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்து செட்டிங்கை ஒரே மூச்சில் மாற்றிச் சரியாகிவிட்டால் எது மருந்து என்று எப்போதும் தெரியாது.

கானாடுகாத்தான், ஒரு தாயார்: மகன் புது கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இருக்கிற கணினியில் ரேம் 8 ஜிபி. வாங்கித் தரலாமா?

ஆச்சி, பணம் எடுப்பதற்கு முன் தம்பியை ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். 2023-ல் வந்த புதிய பிரசன்ட்மானில் "ஜிபியு பிஸி" என்று ஓர் அளவு இருக்கிறது, ஒரு ஃப்ரேமில் கார்டு உண்மையில் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று அது சொல்லும். ஃப்ரேம் டைம் 40 மில்லிசெகண்ட், ஜிபியு பிஸி 38 என்றால் தம்பி சொல்வது நியாயம், கார்டுதான் திணறுகிறது. ஃப்ரேம் டைம் 40, ஜிபியு பிஸி 12 என்றால் கார்டு சும்மா உட்கார்ந்து பிராசசருக்காகக் காத்திருக்கிறது. அந்த நிலையில் எவ்வளவு விலைக்குக் கார்டு வாங்கினாலும் அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்புறம் கேபினெட்டைத் திறந்து ரேம் ஒரே குச்சியா, இரண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். பள்ளத்தூரில் ஒரு வீட்டில் இதே கதை. நான்கு இடத்தில் ஒன்றில் மட்டும் 8 ஜிபி குச்சி, மற்ற மூன்றிலும் தூசி. அதே வகைக் குச்சி இன்னொன்றை, போர்டின் கையேடு சொன்ன இடத்தில் போட்டோம். 50 மில்லிசெகண்டைத் தாண்டி நின்ற ஊசிகள் 25-க்குள் அடங்கின, கார்டு பழையதேதான். இரண்டு குச்சி என்றால் அளவு மட்டுமல்ல, பிராசசர் ரேமோடு பேசும் பாதையும் இரட்டிப்பாகிறது.

பள்ளத்தூர்: காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் அரை மணி நேரத்தில் திக்க ஆரம்பித்துவிடும். ஏன்?

சூடு. இதற்குக் கோடு தனி மாதிரி இருக்கும், ஊசி ஊசியாக இல்லாமல் கோடே தடித்துக்கொண்டு மேலே ஏறும். பதிவு செய்யும்போது பிராசசரின் வேகத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பதியுங்கள். சூடு எல்லையைத் தொட்டதும் பிராசசரின் வேகம் இறங்கி, அதே கணத்தில் ஃப்ரேம் டைம் ஏறினால் வேறு சாட்சி வேண்டாம்.

நம் பக்கத்து வீடுகளில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சுவரலமாரிக்குள் கேபினெட்டை வைத்து மரக்கதவைச் சாத்திவிடுவது ஒன்று. ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று கேபினெட்டைத் தரையோடு தரையாக வைப்பது இன்னொன்று. தரை குளிர்ச்சிதான், ஆனால் பல கேபினெட்டுகளில் பவர் சப்ளை அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது, பெருக்கும்போது பறக்கும் தூசி எல்லாம் உள்ளே போகும். போன மாதம் ஒன்றைக் கழற்றினேன். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளி போலப் படிந்து, உரித்தபோது ஒரே துண்டாகக் கையோடு வந்தது. பிராசசரின் சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. சுத்தம் செய்து புது பேஸ்ட் வைத்து, கேபினெட்டை ஒரு சின்ன ஸ்டூலில் ஏற்றினோம், அன்று மத்தியானமே கோடு தட்டையாகிவிட்டது.

தேவகோட்டை: கரண்ட் போனால் லேப்டாப்பில் கேம் திக்குகிறது. பேட்டரி போய்விட்டதா?

இல்லை. பேட்டரியில் ஓடும்போது லேப்டாப் கார்டுக்கும் பிராசசருக்கும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். சார்ஜரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், முடியாவிட்டால் எஃப்பிஎஸ் 30-ஐத் தாண்டாதபடி பூட்டி விளையாடுங்கள்.

கோட்டையூர்: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். எஃப்பிஎஸ்-ஐப் பூட்ட வேண்டுமா, அவிழ்த்துவிட வேண்டுமா?

பூட்டுங்கள், என் கருத்து எப்போதும் அதுதான். 144 ஹெர்ட்ஸ் என்றால் மானிட்டர் செகண்டுக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிக்கும். 80-க்கும் 140-க்கும் நடுவே ஆடுவதைவிட 90-ல் சீராக நிற்பது கண்ணுக்கு இதம். மானிட்டரில் மாறும் புதுப்பிப்பு வசதி (கேமின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது) இருந்தால் 141-ல் பூட்டி எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வசதி சின்ன ஏற்ற இறக்கத்தை மறைக்கும், 100 மில்லிசெகண்ட் ஊசியை மறைக்காது. பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் வி-சிங்க் (மானிட்டர் புதுப்பிக்கும் நேரம் வரை படத்தைக் காத்திருக்க வைப்பது) போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், 16.7 மில்லிசெகண்டைக் கொஞ்சம் தவறவிட்டாலும் அந்தப் படம் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து 33.3 ஆகிவிடும். ஜிடிஏ 5-இன் பழைய பதிப்போ 180 எஃப்பிஎஸ்-ஐத் தாண்டிப் போனால் தானாகவே திக்கும், அங்கே பூட்டுதான் மருந்து.

சிங்கப்பூர், சொந்த ஊர் கண்டனூர்: கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கிறது, ஆனாலும் என் கண்ணுக்குத் திக்கல் தெரிகிறது. எனக்குத்தான் பிரமையா?

பிரமை இல்லை, உங்கள் கண்ணை நம்புங்கள். நாம் அளப்பது கேம் ஒரு படத்தை "இந்தா" என்று விண்டோஸிடம் கொடுக்கும் நேரத்தை. அது திரையில் தோன்றும் நேரம் வேறு. ரிவாட்யூனரால் பூட்டியிருந்தால் அது அளக்கும் இடத்திலேயே பூட்டுவதால் அதன் கோடு அழகாகத்தான் தெரியும். இந்த இடைவெளிக்காகத்தான் 2013-ல் என்விடியா எஃப்கேட் முறையைக் கொண்டுவந்தது, ஒவ்வொரு ஃப்ரேமின் ஓரத்திலும் ஒரு நிறப்பட்டை தீட்டி, கார்டிலிருந்து வெளியே வரும் வீடியோவையே பதிந்து எண்ணினார்கள்.

உங்களுக்கு அந்தக் கருவி வேண்டாம். பிரசன்ட்மான் பதிவில் திரை மாறும் நேரத்துக்குத் தனி நெடுவரிசை உண்டு, அதைக் கோடாகப் போடுங்கள். அப்புறம் போனில் 240 எஃப்பிஎஸ் ஸ்லோமோஷன் இருந்தால் மானிட்டர் முன்னால் நிறுத்தி, கேமுக்குள் பார்வையை மெதுவாகத் திருப்பும் ஒரு காட்சியை எடுத்து ஒவ்வொரு படமாக நகர்த்துங்கள். 60 ஹெர்ட்ஸில் 60 எஃப்பிஎஸ் சீராக வந்தால் ஒவ்வொரு கேம் படமும் போனில் நான்கு படத்துக்கு நிற்கும். எங்காவது எட்டு நின்றால் அந்தக் கணத்தைக் குறித்துக்கொண்டு, அந்தத் துண்டையும் பதிவுக் கோப்பையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.