பழைய டிராக்டரில் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் சரியாகத் தூக்கவில்லை, தூக்கினாலும் நிற்கவில்லை. மெக்கானிக் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நானும் இப்படித்தான் ஒருவர் பேச்சைக் கேட்டு, நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினேன். அந்தப் பழைய பம்ப் இன்னும் கொட்டகையில் ஒரு சாக்கின் மேல் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

எந்த டிராக்டர் என்று நீங்கள் எழுதவில்லை. பம்ப் பின்பக்கம், கியர் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் பழைய வகை என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையது அதுதான். 1946-இல் வந்த ஃபெர்குசன் டிஇ20-யும் அப்படித்தான், அதன் வழியில் வந்த பல வண்டிகளும் அப்படித்தான். (எங்கள் வண்டியில் பம்ப் எஞ்சின் பக்கம் வெளியே அல்லவா இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் தனியாக ஒரு பதில் எழுதிக்கொள்ளுங்கள்.)

என் வண்டி கலப்பையைத் தூக்கும். தூக்கிய பிறகு சில விநாடிக்கு ஒருமுறை தலையாட்டும். லேசாக இறங்கும், வெடுக்கென்று மேலே போகும், மறுபடி இறங்கும். எஞ்சினை நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் கலப்பை தரையில். “பம்ப் போச்சு” என்றார் மெக்கானிக். புதுப் பம்ப் போட்டோம். அதே தலையாட்டல்.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அந்த நேரத்தில் கலப்பையைத் தாங்குவது சிலிண்டருக்குள் அடைபட்ட ஆயில்தான். கலப்பை இறங்குகிறது என்றால் அந்த ஆயில் எங்கோ ஒழுகுகிறது. எஞ்சின் ஓடும்போது, கலப்பையைத் தாங்கும் லிஃப்ட் கை இறங்கியதும் வால்வு திறந்து மறுபடி தூக்குகிறது. தலையாட்டலுக்குக் காரணம் இதுதான்.

ஆயிலைக் கொஞ்சம் வடித்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சிலிண்டர் வாயிலிருந்து நூல் பிடித்தாற்போல் ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் மூடியைத் தூக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தால், வளையல் அளவில் ஒரு ரப்பர் சீல். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழவில்லை, அவ்வளவு இறுகிப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு கீறல். அதை மாற்றினோம். அரை மணி நேரம் பார்த்தேன், ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

பம்ப் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. கன்ட்ரோல் வால்வு (ஆயிலை சிலிண்டருக்கு விடுவதும் நிறுத்துவதும் அதுதான்) பம்போடு சேர்ந்தே இருக்கும் வண்டிகளில் ஒழுக்கு அங்கேயும் இருக்கலாம். பம்பிலிருந்து மேலே வரும் குழாயின் ஓ-ரிங்கும், அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வும்கூட ஒழுகும். பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தூக்கி, சூடானதும் திணறினால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. ஆயில் இளகி இடுக்கில் நழுவுகிறது. காலையில் ஊளையிட்டு, சூடான பிறகு சரியானால் பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்துச் சல்லடையில் அடைப்பு, அல்லது ஆயில் தேவைக்கு மேல் கெட்டி. ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரை தள்ளினால் காற்று இழுக்கிறது, முதலில் ஆயில் அளவைப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. இந்த வகையில் பல வண்டிகளில் பிடிஓ லீவர் (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டை எஞ்சினோடு இணைப்பது) நியூட்ரலில் இருந்தால் பம்பே சுற்றாது. ஒருநாள் காலை முழுக்க இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன், யாரிடமும் சொன்னதில்லை. லிஃப்டுக்கு இரண்டு லீவர் உள்ள வண்டிகளில், டிராஃப்ட் லீவர் (மண்ணின் இழுவையைப் பொறுத்து ஆழத்தைப் பார்த்துக்கொள்வது) கீழே கிடந்தால், பொசிஷன் லீவரை (உயரத்தை வைப்பது) எவ்வளவு தூக்கினாலும் கலப்பை எழாது.

அளவு என்றதும் என் மச்சான் ஞாபகம் வருகிறது. டிப்பர் டிரெய்லருக்கு என் வண்டியை வாங்கிப் போவார். டிரெய்லரைச் சாய்க்கும் ஜாக்கிக்குள் போகும் ஆயில் என் வண்டியின் பின்பக்க ஹவுசிங்கில் இருப்பதுதான். ஜாக்கியை முழுக்க இறக்காமல் ஹோஸைக் கழற்றினால் பல லிட்டர் அங்கேயே தங்கிவிடும். கழற்றிவிட்டு, “லிஃப்ட் கொஞ்சம் மெதுவா இருக்கு மாப்ளே” என்று எனக்கே சொல்வார். கேட்டால் மனஸ்தாபம். என் 19 ஸ்பேனரும் இன்னும் அவரிடம்தான்.

கலப்பை மேலே இருக்கும்போது அதன் அடியில் போகாதீர்கள், திறந்த மூடிக்குள் கையும் விடாதீர்கள். வெளி ஹோஸில் கசிவு தேடுவதென்றால் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து பாயும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி பெரிதாகத் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பார்த்து கமெண்டில் எழுதுங்கள். சூடாக ஒருமுறை, ஆறிய பிறகு ஒருமுறை.