பழம் போய்ச் சர்க்கரை மட்டும் நிற்கிறதா? பகலுக்கு ஏற்ற இனிப்பு மணத்தைத் தேர்ந்தெடுக்க

கேள்வி: பழமும் பூவும் கலந்த இனிப்பான சென்ட் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் வேலைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு ஓ டி பர்ஃபம் வாங்கினேன். கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்தபோது பேரிக்காயும் ரோஜாவுமாக அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் மதியத்துக்குள் சர்க்கரைப் பாகு மாதிரி திகட்டுகிறது என்று பக்கத்து இருக்கைக்காரர் சொல்கிறார். எனக்கோ ஒரு மணி நேரத்திலேயே வாசனை தெரிவதில்லை. போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடித்துக்கொள்கிறேன். நான் வாங்கியதே தப்பா, அடிக்கிற அளவு தப்பா?

பதில்: இரண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. முதலில், அந்த சென்டில் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழத்தின் இனிப்பு வேறு, சர்க்கரையின் இனிப்பு வேறு. கடையில் உங்களை மயக்கியது பழம். மதியம் பக்கத்து இருக்கைக்காரரைத் திணற வைப்பது சர்க்கரை.

பேரிக்காய், ஆப்பிள், எலுமிச்சை போன்ற மணங்களைத் தருபவை இலகுவான மூலக்கூறுகள். பேரிக்காய் மணத்துக்குப் பயன்படும் ஹெக்சைல் அசிடேட் போன்றவை தோலில் பட்ட சிறிது நேரத்திலேயே பெரும்பாலும் ஆவியாகிவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் அவற்றை எதிர்பார்க்க முடியாது. சர்க்கரை மணம் தருவது எத்தில் மால்ட்டால், முகர்ந்தால் பஞ்சுமிட்டாய்தான். அதோடு பெரும்பாலும் வெனிலா மணம் தரும் வெனிலினும் சேரும். இவை மெதுவாகத்தான் ஆவியாகும், உடையில் பட்டால் மறுநாளும் இருக்கும். 1992இல் வந்த முக்லர் நிறுவனத்தின் ஏஞ்சல் என்ற சென்ட் எத்தில் மால்ட்டாலைத் தாராளமாகப் பயன்படுத்திப் பெரிய வெற்றி பெற்றது. அதன் பிறகு பழ மலர் சென்டுகள் பலவற்றிலும் அடியில் கொஞ்சம் மிட்டாய் வைக்கும் வழக்கம் பரவிவிட்டது.

இப்போது நீங்கள் மறுபடி மறுபடி அடிப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். நான்கு தடவை அடித்தால் பழம் நான்கு தடவை வந்து போகும். சர்க்கரை மட்டும் போகாமல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் காலையில் பழமாக இருந்தது மதியத்தில் பாகாகிறது.

சரி, வாசனை உங்களுக்கு ஏன் தெரிவதில்லை? மூக்கு ஒரே மணத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும், பழகியதைக் கண்டுகொள்ளாது. கடைசிவரை நிற்கும் அடிமணத்தில் வரும் மஸ்க் (கஸ்தூரி) வகைகள் சிலவற்றை முகரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். எனவே மறுபடி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் வெளியே போய் நல்ல காற்றில் நின்றுவிட்டு வந்து முகருங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். கழுத்துக்கு முன்பக்கம் அடித்தால் மூக்குக்கு நேர் கீழே இருப்பதால் இன்னும் வேகமாகப் பழகும். பிடரியில் ஒன்று, உடைக்குள்ளே வயிற்றுப் பக்கம் ஒன்று, அவ்வளவு போதும். நீங்கள் நடந்து போகும்போது மற்றவர்களுக்கு மெல்லத் தெரியும், உங்களுக்கும் அவ்வப்போது ஒரு இழை வந்து போகும்.

அடுத்த பாட்டிலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்த ஒரு வழி இருக்கிறது: பழமும் பூவும் உறவாக இருக்கும் ஜோடிகளைத் தேடுங்கள். லிச்சிப் பழத்தின் மணத்துக்கும் ரோஜாவின் மணத்துக்கும் பொதுவாக ரோஸ் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. ராஸ்பெரிக்கும் வயலட் பூவுக்கும் பொதுவான பொருள் ஐயனோன். இப்படிப்பட்ட ஜோடியில் பழம் விலகும்போது பள்ளம் விழாது. பழம் விட்ட இடத்திலிருந்தே பூ தொடரும், காலையில் ரசித்த அதே இனிமை பூவின் பக்கமாகத் திரும்பி நிற்கும். பேரிக்காயும் காரமெலும் சேர்ந்த ஒன்றில் பழம் போனதும் மிஞ்சுவது காரமெல்தான். ஐயனோனைப் பற்றி ஒரு எச்சரிக்கை: அதில் ஒரு வகையான பீட்டா ஐயனோனை எவ்வளவு நன்றாக முகர முடியும் என்பது மரபணுவைப் பொறுத்தது. உங்களுக்கு ஒன்றுமே தெரியாத வயலட் மணம் உங்கள் தோழிக்குக் கும்மென்று தெரியலாம்.

எல்லாப் பழமும் ஓடிப்போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பீச் பழத்தின் மணம் தருவது காமா அண்டெகாலாக்டோன்; கனமானது, மணிக்கணக்கில் நிற்கும். கெர்லான் நிறுவனத்தார் 1919இலேயே மிட்சூகோ என்ற சென்டில் இதைப் பயன்படுத்தினார்கள். பீச், ஆப்ரிகாட் இரண்டிலும் ஒரு வெண்ணெய்த்தன்மை உண்டு, சர்க்கரை இல்லாமலே இனிக்கும். பகல் முழுக்கப் பழம் வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். (ஆப்பிள், பேரிக்காய், ஸ்ட்ராபெரி எதையும் பிழிந்து சென்டுக்கு எண்ணெய் எடுக்க முடியாது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் தோலில்தான் எண்ணெய் கிடைக்கும். மற்ற பழ மணங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆய்வகத்தில் கட்டப்படுபவை. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அது ஒரு கலை.)

பூவில் பியோனி, ஃப்ரீசியா, லில்லி ஆஃப் தி வேலி என்று போட்டிருந்தால் பெரும்பாலும் ஈரமும் காற்றோட்டமுமாக இருக்கும், பகலுக்கு நல்லது. மல்லிகை இரண்டு விதமாகவும் வரும். 1966இல் டியோரின் ஓ சவாஜ் என்ற சென்டில் அதை உருவாக்கிய எட்மண்ட் ருட்னிட்ஸ்கா பயன்படுத்தியதிலிருந்து புகழ்பெற்ற ஹெடியோன் என்ற பொருள், மல்லிகைக்கு ஜன்னல் திறந்துவிட்ட மாதிரி ஒரு லேசைக் கொடுக்கும். அந்த வகை மல்லிகை பகலுக்குக் கச்சிதம். சம்பங்கி, இலாங் இலாங் தூக்கலாக இருப்பவற்றை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடிமணமாகக் குறிப்பிட்டிருப்பதைக் கட்டாயம் படியுங்கள். பிரலைன் (சர்க்கரையில் வறுத்த கொட்டை மிட்டாய்), காரமெல், டோங்கா (வெனிலா போல மணக்கும் ஒரு கொட்டை), வெனிலா என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அது சர்க்கரைக் கட்சி. ஆம்பர் என்பதும் பெரும்பாலும் வெனிலா கலந்த சூடான இனிப்புதான். வெள்ளை மஸ்க், சிடார் மரம் என்று முடிந்தால் நிம்மதி. ஆனால் அந்தப் பட்டியல் விளம்பரத்துக்கு எழுதியது, செய்முறை இல்லை. அதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, மார்க் ஜேக்கப்ஸ் டெய்ஸி 2007இல் வந்தது, ஆல்பர்டோ மொரியாஸ் செய்தது. ஸ்ட்ராபெரி, வயலட், மல்லிகை என்று போய் மஸ்க்கில் இறங்கும். வெனிலா இருந்தாலும் அடங்கியே இருக்கும். 2006இல் வந்த நினா ரிச்சியின் நினா அழகானதுதான், ஆனால் சர்க்கரைப் பாகு பூசிய டாஃபி ஆப்பிளும் பிரலைனும் அதன் உயிர். சோஃபியா க்ரோய்ஸ்மன் உருவாக்கிய ட்ரெசார் என்ற சென்ட், 1990இல் வந்தது, பீச்சும் ரோஜாவும் எவ்வளவு நெருங்கிப் போகும் என்பதற்குச் சிறந்த பாடம். ஆனால் அது அறையை நிறைக்கும் குரல். மூடிய அறையில் பத்துப் பேரோடு உட்காருபவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஓ டி ட்வாலெட்டா, ஓ டி பர்ஃபமா? பொதுவாக முதலாவதில் மணப்பொருள் 5 முதல் 15 சதவீதம், இரண்டாவதில் 15 முதல் 20. ஆனால் இது சட்டம் இல்லை, வழக்கம். அதோடு, ஒரே பெயரில் வரும் இரண்டும் பல நேரம் வேறு வேறு கலவைகள். ட்வாலெட்டில் பழமும் பூவும் முன்னால் நிற்கும், பர்ஃபமில் அடிமணம் தடிக்கும். உங்களுக்கு நான் ட்வாலெட்டைத்தான் சொல்வேன். மதியம் ஒரு தடவை புதுப்பித்தாலும் அடியில் அவ்வளவாகச் சேராது.

வாங்குவதற்கு முன் காகிதப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் தோலின் சூட்டில் அது எப்படி மாறும் என்று பட்டை சொல்லாது. மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு, தேய்க்காமல், வாங்காமல் வீட்டுக்குப் போங்கள். தேய்த்தால் சூட்டில் பழம் இன்னும் சீக்கிரம் போய்விடும். நான்கு மணி நேரம் கழித்து முகருங்கள். வேலை நேரத்தில் பெரும்பகுதி உங்களோடு இருக்கப்போவது அந்த மணம்தான். அது பிடித்தால் வாங்குங்கள். கடையில் காப்பிக்கொட்டையை நீட்டினால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லலாம். 2011இல் வந்த ஒரு ஆய்வில் அது வெறும் காற்றைவிட மேலாக உதவவில்லை.

இப்போது கையில் இருக்கும் பாட்டிலை வீணாக்க வேண்டாம். காலையில் உடைக்குள் ஒரே ஒரு தடவை, அதன் பிறகு நாள் முழுக்கத் தொடாதீர்கள். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை முதலில் தடவினால் அந்த ஒன்றே கூடுதல் நேரம் நிற்கும். வெயிலும் சூடும் படாத அலமாரியில் வையுங்கள், குளியலறையில் வேண்டாம். திரவம் மெல்ல மஞ்சளாகிப் பழுப்பானால் பயப்படாதீர்கள், வெனிலின் உள்ளவை அப்படித்தான் நிறம் மாறும்.

பக்கத்து இருக்கைக்காரரிடம் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு வெறும் திகட்டலா, தலைவலியோ மூச்சுத் திணறலோ வருகிறதா? திகட்டல்தான் என்றால் மேலே சொன்னது போதும். மற்றது என்றால் எந்த சென்டை மாற்றினாலும் பயன் இருக்காது. வேலை நாட்களில் விட்டுவிட்டு விடுமுறை நாட்களில் ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள்.