விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால்

கேள்வி: என் தம்பிக்கு வயது 28. மனச்சோர்வுக்கும் தூக்கமின்மைக்கும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளைச் சில வாரங்களாகச் சாப்பிட்டு வருகிறான். பாலுணர்வு ஏதுமின்றி விடியற்காலையில் ஏற்பட்ட விறைப்பு, இருமுறை மூன்று மணி நேரம் வரை வலியுடன் நீடித்துத் தானாக அடங்கியதாக மிகுந்த தயக்கத்துடன் சொன்னான். மாத்திரையை நிறுத்திவிடலாமா? பின்னாளில் பாதிப்பு வருமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி உங்களிடம் வாய்திறந்து சொன்னது மிக நல்லது. 'பிரையாபிசம்' எனப்படும் இந்தக் கோளாற்றில் நிரந்தரப் பாதிப்பு அடைகிறவர்களில் பலர், வெட்கத்தால் வீட்டிலேயே பொறுத்திருந்து நேரத்தை இழந்தவர்கள்தாம்.

ஆணுறுப்பின் உள்ளே பஞ்சு போன்ற இரு திசுத் தண்டுகள் உள்ளன. அவற்றில் நிறைந்த இரத்தம் வெளியேறாமல் தேங்கிவிட்டால், ஆக்சிஜன் குறைந்து, அமிலத்தன்மை கூடி, வலி கடுமையாகிறது. நான்கு மணி நேரத்துக்குப் பின் திசு சிதையத் தொடங்கி, ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அங்கே தழும்பு விழுந்து, இயல்பான விறைப்பே இனி வராமல் போகும் வாய்ப்பு மிக அதிகம்.

காரணங்கள் பல. டிராசோடோன், குளோர்புரோமசின் போன்ற மனநல மருந்துகளால் இது வரலாம். ஆகவே தம்பியின் மாத்திரைகளை நான் முதலில் சந்தேகிக்கிறேன். நீலகிரிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள் செல் சோகையிலும் (சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் பரம்பரை இரத்தநோய்), இரத்தப் புற்றுநோயிலும் இது தோன்றக்கூடும் என்பதால் முழு இரத்தப் பரிசோதனை அவசியம். விறைப்புக்காக உறுப்பிலேயே போடும் ஊசியும், கொகைன் போன்ற போதைப்பொருளும் காரணமாகலாம். தொடைகளுக்கு நடுவே பலமாக அடிபட்டு வரும் வகையில் பெரும்பாலும் வலி இராது; அவசரமும் குறைவு.

தானாக அடங்கிவிட்டது என்று நிம்மதி கொள்ள வேண்டாம். இப்படி விட்டுவிட்டு வருவது, அடங்காத ஒன்று வரப்போவதற்கான எச்சரிக்கையாக இருக்கக்கூடும். அப்படி நேர்ந்தால், நான்கு மணி நேரம் ஆகட்டும் என்று காத்திராமல், உங்களுக்கு அருகிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லுங்கள். தேங்கிய இரத்தத்தை ஊசியால் உறிஞ்சி எடுத்து, இரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தைச் செலுத்துவார்கள். பலருக்கு அதுவே போதும், அறுவைச் சிகிச்சை தேவைப்படாது.

மாத்திரையைத் தாமாக நிறுத்தினால் மனச்சோர்வு மீண்டும் தாக்கலாம். ஆனால் அடுத்த வேளைக்கு முன்பே மருந்து எழுதிய மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேறு மருந்துக்கு மாற்றுவது பெரும்பாலும் இயலும். சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளுக்கான மருத்துவரையும் (யூராலஜிஸ்ட்) இந்த வாரமே பார்க்கட்டும். மருந்துச் சீட்டுடன், கடையில் தாமாக வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை ஏதேனும் இருந்தால் அதன் அட்டையையும் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.