சேவல், புறா, சாப்பர்

அன்புள்ள ஐயா,

கட்சித் தலைமைச் சண்டைகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் ஊர் டீக்கடையில் எம்.ஜி.ஆர். இறந்த பிறகு ஜானகி எத்தனை நாள் முதல்வராக இருந்தார், கூவத்தூரில் யார் யார் தங்கினார்கள், பாமகவில் அப்பா பக்கம் நியாயமா மகன் பக்கம் நியாயமா என்று மணிக்கணக்கில் பேச ஆள் இருக்கிறது. என் தாத்தா ராணுவத்தின் பொறியாளர் படையான பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், 1971 பாகிஸ்தான் போரில் மேற்கு எல்லைக்குப் போனவர். அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். அவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் கேட்டால், "நான் என்ன சுட்டேனா? குப்புறப் படுத்து மண்ணைக் கிளறினேன், அவ்வளவுதான்" என்று எழுந்துபோய்விடுகிறார். பதவிச் சண்டைக்கு இருக்கும் ஞாபகம் போருக்குப் போனவர்களுக்கு ஏன் இல்லை? அவரிடம் எப்படிக் கேட்பது?

பெயர் வேண்டாம் என்ற வாசகர்,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

டீக்கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதவிச் சண்டையில் கதை தயாராகவே கிடைக்கிறது. இரண்டு பேர், ஒரு நாற்காலி, யார் எப்போது அணி மாறினார் என்பது மறுநாள் பேப்பரிலேயே வந்துவிடுகிறது. ஆனால் அங்கேயும் மேலே இருப்பவர்களின் கதைதான் மிஞ்சுகிறது. 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டு ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றது எல்லோருக்கும் தெரியும். கையில் கட்சியைப் பச்சை குத்திக்கொண்ட தொண்டர் அந்த முறை எந்தப் பறவையைச் சுவரில் வரைந்தார், அதற்காக வீட்டில் யாரோடு பேச்சை நிறுத்தினார் என்று யார் கேட்டோம்? உங்கள் தாத்தாவுக்குப் பக்கத்திலேயே அப்படி ஒருவர் டீ குடித்துக்கொண்டிருப்பார்.

உங்கள் மாவட்டத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1939 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் சுபாஷ் சந்திர போஸ் 1580 வாக்கு, பட்டாபி சீதாராமய்யா 1377. அப்புறம் நடந்த திரிபுரி மாநாட்டில், போஸின் படகு ஓட்டைப் படகு, காந்தியின் பழைய படகில் ஏறுங்கள் என்ற பொருளில் பேசியவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. ஜெயித்த போஸ் அந்த ஏப்ரலிலேயே விலகினார். 1943-ல் அவர் இந்திய தேசிய ராணுவத்துக்குத் தலைமை ஏற்றபோது, மலேயாவில் ரப்பர் மரம் சீவிய தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். வாக்கு எண்ணிக்கை நமக்குக் கடைசி இலக்கம் வரை தெரிகிறது. திரும்பி வராத சீவுகாரர்களில் நான்கு பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் முழிப்போம்.

இந்த மண்ணில் ஒரு காலத்தில் வழக்கம் நேர்மாறாக இருந்தது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போய் நடுகற்களைப் பாருங்கள். கையில் வில்லும் வாளுமாக நிற்பவர் ராஜா இல்லை, ஆநிரை மீட்கப் போய்ச் செத்த ஊர்க்காரர். மகேந்திரவர்மன் காலத்துக் கல்வெட்டு என்றால், மகேந்திரவர்மனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று தொடங்கும். பல்லவப் பேரரசருக்கு அங்கே கிட்டத்தட்ட காலண்டர் வேலைதான்! அதற்குப் பிறகு வருவதெல்லாம் செத்தவர் யார், யாருடைய சேவகர், எந்த ஊர் மாட்டுக்காகப் பட்டார் என்பது.

உங்கள் தாத்தாவிடமும் இந்த வரிசையிலேயே கேளுங்கள். பிரதமர் இந்திரா காந்தியும் ராணுவத் தளபதி மானெக்ஷாவும் ஆண்டு குறிக்கப் போதும். "போர் எப்படி இருந்தது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. மண்ணைக் கிளறினேன் என்கிறாரே, அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணிவெடி வயலில் சாப்பர் படுத்தபடி, கம்பியைச் சாய்வாக விட்டுத் துழாவித் துழாவி முன்னேறுவார். நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே படும். பார்த்து முடித்த பாதையின் ஓரத்தில் வெள்ளை நாடா ஓடும். கம்பியை எந்தக் கையில் பிடித்தீர்கள், மண் ஈரமா காய்ந்ததா, நாடா இழுத்தவர் எந்த ஊர், பக்கத்தில் படுத்திருந்தவர் என்ன ஆனார் என்று கேளுங்கள். டிசம்பர் ராத்திரியில் கை விறைத்துப் போயிருக்கும், அதையும் விடாதீர்கள். அதே போரில் மேற்கு முனையில், பசந்தர் ஆற்றங்கரையில் உயிர்விட்ட இளம் அதிகாரி அருண் கேத்தர்பாலின் டாங்கிப் போரைப் படித்திருப்பீர்கள். சாப்பர்கள் வெடி அகற்றி முடிக்கும் முன்பே டாங்கிகள் அந்த வயலுக்குள் புகுந்தன. தாத்தா அங்கே இருந்தாரா, வேறு எங்காவது இருந்தாரா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நாமாகக் கொண்டுபோய்ப் பசந்தரில் நிறுத்திவிடக் கூடாது. பேரன்கள் செய்யும் தப்பு பெரும்பாலும் இதுதான்.

பேச்சுக்கு முன்னால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேர்ந்த தேதி, யூனிட், விலகிய தேதி எல்லாம் அதில் இருக்கும். மெடல் பெட்டியில் பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை உறுதி. அந்தப் போருக்காகவே தந்த சங்க்ராம் மெடல் வட்டமானது, விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருப்பார்கள். அதைப் படிக்கச் சொல்லி அவர் கையிலேயே கொடுங்கள், போனில் ரெக்கார்டிங்கை முன்கூட்டியே போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டே கொடுங்கள். கறுத்திருக்கிறது என்று பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மழுங்கிவிடும்.